விட்ட இடத்திலிருந்து போடுங்கள்: மலையக ஆஸ்பத்திரி நிர்வாகிகளுக்கும் துப்புரவு ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஆஸ்பத்திரிகளை நடத்தும் ஐயாமார், அம்மாமாருக்கும், எங்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒப்பந்தக் கம்பனிக்காரர்களுக்கும்,

போன திங்கட்கிழமை காலை நாங்கள் உடுப்பு மாற்றும் அறைக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. நான்கு மூலையிலும் நான்கு குண்டூசி. சிங்களத்தில் மட்டும். எங்கள் இருபத்திரண்டு பேரில் அதைத் தடுக்காமல் வாசிக்கக்கூடியவர்கள் நான்கு பேர். அவர்கள் வாசித்துச் சொன்னதன் சாரம் இது: வருகிற முதலாம் திகதி புது ஒப்பந்தம் தொடங்குகிறது. ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கான தடுப்பூசி மூன்றும் போட்டதற்கு அத்தாட்சி இல்லாத துப்புரவு ஊழியர்கள், சொந்தச் செலவில், முதலிலிருந்து மூன்றையும் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஊசி போட்ட துண்டையாவது அதற்குள் காட்டாதவர்களுக்குப் புது ஒப்பந்தத்தில் வேலை இல்லை.

ஊசி போடச் சொன்னதில் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. நாங்களே கேட்டுக்கேட்டு ஓய்ந்த விஷயம் அது. 'சொந்தச் செலவில்', 'முதலிலிருந்து' என்ற இரண்டு சொற்களுக்காகத்தான் இந்த மடல்.

ஆஸ்பத்திரியின் பெயரையும் கம்பனியின் பெயரையும் நான் எழுதவில்லை. இன்னமும் அங்கேதான் வேலை செய்கிறேன். வேறு ஊர்களில் இதே வேலை செய்யும் சொந்தக்காரப் பெண்களோடு பேசிப் பார்த்தால் அவர்கள் கதையும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கிறது. ஆகவே இது யாருக்கும் பொருந்தும் மடல். உங்களுக்குப் பொருந்தாவிட்டால் சந்தோஷம்.

நான் மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் 1985இல் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர். நானும் சில வருஷம் எடுத்தேன். 2021 மார்ச்சில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்கு வந்தேன். வார்டு கூட்டுவது, கழிவறை கழுவுவது, இரத்தம் சிந்தினால் துடைப்பது, குப்பைப் பைகளைக் கட்டி இறக்குவது. வேலைக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, மே மாதம், ஒரு நர்ஸ் மிஸ் எங்களை வரிசையாக நிறுத்தி முதல் ஊசி போட்டார். ஜூனில் இரண்டாவது. மூன்றாவது நவம்பரில் என்றார். பூச்சியம், ஒன்று, ஆறு: பெரியவர்களுக்கு அதுதான் கணக்கு. முதல் ஊசியிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது.

ஒக்டோபரில் கம்பனி மாறியது. ஆட்கள் நாங்களேதான், உடுப்பின் நிறம் மட்டும் மாறியது. நவம்பரில் நான் போய்க் கேட்டபோது புது சூப்பர்வைசர், "அது பழைய கம்பனியோட வேலை, எங்க ஃபைல்ல ஒன்னும் இல்ல" என்றார். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கேட்டால், "நீங்க கம்பனி ஆட்கள், கம்பனிக்கிட்ட கேளுங்க" என்றார்கள். பழைய கம்பனிக்கு போன் எடுத்தால் யாரும் எடுக்கவில்லை. அப்படியே இரண்டாவது ஊசியோடு நின்றது எங்கள் கணக்கு.

இங்கே ஒரு சின்னக் கதை சொல்ல வேண்டும். என் மூத்த மகள் 2010இல் பிறந்தவள். பிள்ளைகளுக்கு இரண்டு, நான்கு, ஆறு மாதத்தில் ஓர் ஊசி போடுவார்கள். ஐந்து நோய்க்கும் சேர்த்து ஒன்று: தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஹிப் கிருமி, அப்புறம் இந்த ஹெப்படைட்டிஸ் பி. இந்த நாட்டில் 2003இல் பிள்ளைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி ஊசி தொடங்கி, 2008இல் மற்ற நான்கோடு ஒரே ஊசியாகச் சேர்ந்தது. நாலாம் மாத ஊசி நாளில் நான் மகளைத் தூக்கிக்கொண்டு பொகவந்தலாவையில் அக்கா வீட்டில் நின்றுவிட்டேன். திரும்பி வந்த மூன்றாம் நாள், அடை மழையில், குடும்ப நல மிஸ் எங்கள் லயத்துக்கே ஏறி வந்தார். வாசலில் உட்கார்ந்து, கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டே பிள்ளையின் கார்டைக் கேட்டார். நான் பயந்துபோய், "மிஸ், இனி மொதல்ல இருந்து போடணுமா?" என்றேன். "எதுக்கு? விட்ட எடத்துல இருந்து போட்டாப் போதும், நாளைக்கு பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிட்டு வா" என்றார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது.

அந்த மிஸ்ஸுக்குத் தெரிந்தது உங்கள் அறிவித்தலை எழுதியவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

பெரியவர்களுக்கும் விதி அதேதான். தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான மிஸ்ஸிடமும் ஒரு டொக்டரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு ஊசி போட்டு நின்றவருக்கு மூன்றாவதைப் போட்டால் போதும், இடையில் இரண்டு வருஷம் போயிருந்தாலும். ஊசிகளுக்கு இடையில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி ஒன்று உண்டு; கூடிப்போனால் முதலிலிருந்து தொடங்கச் சொல்லும் விதி கிடையாது. உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது. ஞாபகம் வைக்காதது ஃபைல்தான்.

சரி, மூன்றாவது ஊசி இல்லாமல் போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 2023 ஜூலையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலை முடிய அரை மணித்தியாலம் இருந்தது. வார்டில் கறுப்புப் பை நிறைந்திருந்தது. கறுப்புப் பை என்றால் சாதாரணக் குப்பை: சோற்றுப் பார்சல் சுற்றிய தாள் மாதிரி. கிருமிக் குப்பைக்கு மஞ்சள் பை. ஊசிக்குச் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டி. இதெல்லாம் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. நான் பையின் வாயைச் சேர்த்துப் பிடித்து, காற்றை இறக்க உள்ளங்கையால் மெல்ல அழுத்தினேன். பெருவிரலின் அடியில் சுருக்கென்றது. கையுறையைக் கழற்றினால் குன்றிமணி அளவு இரத்தம். பைக்குள் பார்த்தேன். தயிர்க் கோப்பை ஒன்றின் மேல் மூடியில்லாத ஊசி ஒன்று கிடந்தது. எந்த நோயாளிக்குப் போட்டது, எப்போது போட்டது, யாருக்கும் தெரியாது.

நான் விரலைப் பிதுக்கிப் பிதுக்கி இரத்தத்தை எடுத்தேன். அப்படிச் செய்யக் கூடாதாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதுமாம். இதை எனக்கு யாரும் அதுவரை சொல்லித் தந்திருக்கவில்லை.

சூப்பர்வைசர், "திங்கட்கிழமை பார்ப்போம், இப்ப ஒபிஸ் மூடிட்டாங்க" என்றார். நானும் பஸ் போய்விடும் என்று வந்துவிட்டேன், என் பிழையும் இருக்கிறது. திங்கட்கிழமை டொக்டர் என்னை ஏசினார். நல்ல ஏச்சு. பிறகு உட்காரவைத்து விளக்கினார். ஹெப்படைட்டிஸ் பி கிருமி காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாள்வரை உயிரோடு இருக்குமாம். பாதுகாப்பு இல்லாதவர்களுக்கு, அந்த நோய் உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் நூற்றில் 6 முதல் 30 பேருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றலாமாம். ஊரெல்லாம் பயப்படும் எச்ஐவிக்கு அது ஆயிரத்தில் மூன்று. அப்படிக் குத்தினால் தடுப்பூசியோடு, எதிர்ப்புச் சக்தியைத் தயாராகவே கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் என்று இன்னோர் ஊசியும் போட வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் நல்ல பலன், ஏழு நாள் தாண்டினால் பயன் சொல்ல முடியாது. அது எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை. வேறிடத்திலிருந்து வரவழைத்து எனக்குப் போட்டது செவ்வாய்க்கிழமை பின்னேரம். ஒரு கையில் அது, மற்றக் கையில் 2021 நவம்பரில் போட்டிருக்க வேண்டிய மூன்றாவது ஊசி.

மூன்றாவதை நேரத்துக்குப் போட்டு, இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்து வைத்திருந்தால், அந்த வெள்ளிக்கிழமை கையைக் கழுவி, பெயரைப் பதிந்துவிட்டு, ஹெப்படைட்டிஸ் பி பயம் இல்லாமல் பஸ் ஏறியிருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்துக்குள் என் ஆறு மாதம் போனது.

ஆறு மாதம் கழித்துத்தான் இரத்தம் பார்த்து முடிவு சொல்ல முடியும் என்றார்கள். அதுவரை இரத்தம் கொடுக்கக் கூடாது, புருஷனோடும் கவனமாக இருக்க வேண்டும். வீட்டில் மாமி எனக்கென்று தனியாக ஒரு பித்தளைக் கோப்பை எடுத்து வைத்தார். சாயத்தண்ணி அதில்தான். "மாமி, இது கோப்பையில, சோத்துல பரவுறதில்ல, இரத்தத்துல பரவுறது" என்று எத்தனை தரம் சொல்வது? அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2007இல் கம்பளையில் செங்கண்மாரி பரவியதை அவர் ஞாபகம் வைத்திருக்கிறார். அது ஹெப்படைட்டிஸ் ஏ, தண்ணீரில் சாப்பாட்டில் வருவது. லயத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: செங்கண்மாரி. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான்: கீழ்க்காய்நெல்லி. தினமும் விடியக் கண்ணாடி முன்னால் நின்று கண்ணின் வெள்ளையைப் பார்ப்பேன். சின்னவள் ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்று தன் கண்ணையும் இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

2024 ஜனவரியில் இரத்தம் பார்த்தார்கள். நோய் இல்லை. அந்தக் கடதாசியில் எதிர்ப்புச் சக்தி அளவுக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. "அதுக்கு வெளியில காசு கட்டிப் பார்க்கணும்" என்றார்கள். தோட்டத்தில் இரண்டு மூன்று நாள் கொழுந்து எடுத்தால் வரும் காசு அது. நான் பார்க்கவில்லை. ஆகவே எனக்குப் பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உங்கள் அறிவித்தலின்படி, முதல் இரண்டு ஊசியின் பதிவும் பழைய கம்பனியோடு போய்விட்டதால், நான் ஒரே ஊசி போட்டவள். மூன்று ஊசியும் ஓர் இம்யூனோகுளோபுலினும் உடம்பில் ஏறிய நான், திரும்ப முதலாவதிலிருந்து தொடங்க வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி 2006இல் பிறந்தவள். அறிவித்தலைக் கேட்ட அடுத்த நாள் அவள் அம்மா பழைய பிள்ளைக் கார்டை பொலித்தீன் உறையோடு கொடுத்தனுப்பினார். விளிம்பில் கரப்பான் அரித்திருக்கிறது. ஆனால் ஹெப்படைட்டிஸ் பி மூன்றும் திகதியோடு, கையெழுத்தோடு அப்படியே இருக்கிறது. தகர அலுமாரியில் ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரு தோட்டத்துத் தாய் இத்தனை வருஷம் காப்பாற்றிய பதிவை, கணினி வைத்திருக்கும் கம்பனியால் சில மாதங்கூடக் காப்பாற்ற முடியவில்லை. அவள் கார்டைக் காட்டியபோது, "இது சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டது, இது கணக்கில்லை" என்றார்களாம். கணக்குத்தான். அவளுக்குச் செய்ய வேண்டியது இரத்தம் பார்ப்பது. அளவு குறைவாக இருந்தால் ஒன்று போட்டுத் திரும்பப் பார்ப்பது.

'முதலிலிருந்து' என்பதைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சிலருக்குத் திரும்பப் போடத்தான் வேண்டிவரும். எங்களில் ஓர் அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு, சீனி வருத்தமும் இருக்கிறது. 2021இல் கொடுத்த உடுப்பின் கை இறுக்கம், தோள் வரை சுருட்ட முடியவில்லை. எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்ற அவர் கூச்சப்பட்டார். வரிசை நீளமாக இருந்தது. இடுப்பில் போட்டுவிட்டார்கள். இந்த ஊசியைத் தோள் தசையில்தான் போட வேண்டும். இடுப்பில் போட்டால் கொழுப்பில் தங்கிவிடும், சரியாகப் பிடிக்காது. நல்ல ஆரோக்கியமான பெரியவர்களிலேயே நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு மூன்று ஊசிக்குப் பிறகும் எதிர்ப்புச் சக்தி போதிய அளவு வருவதில்லை. நாற்பது தாண்டினாலும், சீனி இருந்தாலும் அது இன்னும் கூடும். அந்த அக்காவுக்கு இரத்தம் பார்த்து, இல்லையென்றால் இன்னொரு சுற்று போடுங்கள் என்றுதான் நாங்களும் சொல்கிறோம். யாருக்குத் தேவை என்று பார்க்காமல் இருபத்திரண்டு பேரையும் பூச்சியத்தில் நிறுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இனி 'சொந்தச் செலவில்'. இதன் விளைவை இந்த வாரமே பார்த்தோம். எங்களோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி செவ்வாய்க்கிழமை டவுனில் பார்மசியில் ஊசி மருந்தைக் கடனுக்குக் காசு புரட்டி வாங்கினாள். கெட்டுப்போகக் கூடாது என்று பக்கத்துக் கடையில் ஐஸ் கட்டி கேட்டு வாங்கி, சொப்பிங் பைக்குள் மருந்தை அதற்கு நடுவில் புதைத்து, ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை மிஸ்ஸிடம் கொடுத்தாள். மிஸ் அந்தச் சின்னக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அடியில் துகள் துகளாக இறங்கியது. "எப்படிக் கொண்டு வந்த?" என்று கேட்டார். இந்த மருந்தை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். சூட்டைவிட அதற்குப் பெரிய எதிரி உறைவது. ஒருமுறை உறைந்தால் மருந்து வீண். அந்தப் பிள்ளை ஐஸை உருகவிடாமல் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தது அதைக் கெடுக்கத்தான் என்று அவளிடம் சொல்ல மிஸ்ஸுக்கு மனம் வரவில்லை. பிறகு சொன்னார். அவள் குப்பியைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள், எறியவில்லை.

குளிர்ப்பெட்டியும் வெப்பமானியும் வைத்துக் கொழும்பிலிருந்து மலைக்கு மருந்து கொண்டுவரும் ஏற்பாடு உங்களிடம் இருக்கிறது. எங்களிடம் சொப்பிங் பைதான் இருக்கிறது.

ஊசி போட்ட பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. போட்டவுடன் கால் மணித்தியாலம் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். 2021இல் எங்களை நேரே படிக்கட்டுத் துடைக்க அனுப்பினார்கள், ஒருத்தி தலைசுற்றி மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றிரண்டு நாள் கை வலிக்கும், சிலருக்கு இலேசாகக் காய்ச்சல் வரும், பரசிட்டமோல் போதும். ஆனால் எந்தக் கையில் துடைப்பான் பிழிகிறோமோ அந்தக் கையில் போட்டுவிட்டு இரட்டை ஷிப்ட் கொடுத்தால் வலிக்காமல் என்ன செய்யும்? வீட்டில் பாட்டி தைலம் போட்டுத் தேய்ப்பார். தேய்க்கக் கூடாது என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கலாம்.

நாங்கள் கேட்பது இவை.

அந்த அறிவித்தலை முதலாம் திகதிக்கு முன் திரும்பப் பெறுங்கள். ஊசி போடவில்லை என்பதற்காக ஒருவரின் வேலையும் போகக் கூடாது. போடாமல் விட்டது நாங்கள் இல்லை. இரண்டு போட்டவர்களுக்கு மூன்றாவதை, ஒன்று போட்டவர்களுக்கு மிச்ச இரண்டை, ஆஸ்பத்திரியிலேயே, இலவசமாக, வேலை நேரத்திலேயே போடுங்கள். அந்தச் செலவை நீங்களும் கம்பனியும் எப்படிப் பங்கு போட்டுக்கொண்டாலும் சரி, எங்கள் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். இனி வரும் எந்த ஒப்பந்தத்திலும் இது எழுத்தில் இருக்கட்டும். புதிதாக வருகிறவருக்கு முதல் ஊசி போடாமல் குப்பைப் பையைத் தொடக் கொடுக்காதீர்கள்.

ஊசியின் பதிவைக் கம்பனி ஃபைலில் மட்டும் வைக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கொடுப்பது போல எங்கள் கையிலும் ஒரு கார்டு கொடுங்கள். திகதி, மருந்தின் தொகுதி இலக்கம், போட்ட இடம், கையெழுத்து. பத்திரமாக வைத்திருப்போம், எங்கள் அம்மாமார் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது ஊசி போட்டு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் இரத்தம் பாருங்கள். பிந்திப் பார்த்தால் எண் குறைந்து காட்டலாம், அந்தக் குறைவை மட்டும் வைத்துப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. எதிர்ப்புச் சக்தியின் அளவு 10 (mIU/mL) அல்லது அதற்கு மேல் என்றால் கார்டில் எழுதிவிடுங்கள், அதோடு முடிந்தது, திரும்பத் திரும்பப் போடத் தேவையில்லை. குறைவு என்றால் இரண்டாவது சுற்று. அதற்குப் பிறகும் வராதவர்களுக்கு, குத்துப்பட்டால் உடனே என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக்கொடுங்கள். என் கடதாசியில் வெறுமையாக இருக்கும் கட்டத்தையும் நிரப்பித் தாருங்கள்.

ஊசி குத்தினால் வெள்ளி, சனி, ஞாயிறு, போயா என்று பார்க்காமல் அந்த நேரமே பார்க்க ஒரு டொக்டரின் பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும் எங்கள் அறையில் இருக்க வேண்டும். இம்யூனோகுளோபுலின் எங்கிருந்து, எத்தனை மணித்தியாலத்தில் வரும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். குத்துப்பட்டதைச் சொன்னவரின் சம்பளத்தை வெட்டாதீர்கள், 'கவனக்குறைவு' என்று எழுதாதீர்கள். கறுப்புப் பைக்குள் ஊசியைப் போட்டது யார் என்று ஒருநாளாவது தேடிப் பாருங்கள். தடித்த கையுறை தாருங்கள். தோள் வரை சுருட்டக்கூடிய கையுள்ள உடுப்பும் தாருங்கள், ஊசி போடும் இடத்தில் பெண்களுக்கு ஒரு திரைச்சீலையும் கட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் பதிலை இம்முறை தமிழிலும் எழுதி, கதவில் இருப்பதை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒட்டுங்கள். குண்டூசிகளை மட்டும் எண்ணிப் பெட்டியில் போடுங்கள். அந்த அறையைக் கூட்டுவதும் நாங்கள்தான்.

இப்படிக்கு,
இருபத்திரண்டு பேரில் ஒருத்தி